இரண்டு விரல் இடைவெளி

காரின் உயரத்தை எங்கள் வீட்டில் விரலால்தான் அளந்தோம். ரயருக்கும் அதற்கு மேலே வளைந்து நிற்கும் மட்காட்டுக்கும் இடையில் கையை நுழைத்து, எத்தனை விரல் போகிறது என்று பார்க்க வேண்டும். என் கணவர் அந்த இரண்டு கதவு ஜப்பான் காரை வாங்கியபோது நாலு விரல் தாராளமாகப் போனது. அது அவருக்குப் பெரிய மனக்குறை. "லொறி மாதிரி நிக்குது" என்பார். எனக்கு அது கார் மாதிரித்தான் நின்றது. ஆனால் கலியாணம் முடித்து மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடமே ஆனவள், புருஷனுக்கு இருந்த ஒரே ஒரு ஆசையில் வாய் வைக்கக் கூடாது என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு அதிக நாள் தாங்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கோட்-டெ-நெய்ஜில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அவருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குவது, படுக்கை மாற்றுவது. நடந்தே போய்விடுவார். எனக்கு நகர நடுவில், அலுவலகங்கள் மூடிய பிறகு அவற்றைத் துப்புரவு செய்யும் வேலை. அவர் காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பின்னேரம் மூன்று மணிக்கு எழும்புவார். நான் நாலு மணிக்கு மெத்ரோ ரயிலுக்கு ஓட வேண்டும். ஆக, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர, எங்கள் குடும்ப வாழ்க்கை மூன்றிலிருந்து நாலு மணி வரை. மிச்சம் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுக் கடிதங்கள். 'மீன்குழம்பு கீழ்த்தட்டில்.' 'மழை வருமாம், குடை எடும்.' புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் எழுதும் கடிதங்களா அவை? ஆனாலும் நான் ஒன்றையும் எறியாமல் பிஸ்கட் தகரப் பேணிக்குள் போட்டு வைத்தேன்.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கு வரும் மட்டக்களப்பு அக்கா ஒருவர், டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் மேற்பார்வை செய்தார். ஒருநாள் பூசை முடிந்து வரும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"விடிய நாலு மணிக்கு வேல, பகல் பன்னெண்டுக்கு முடிஞ்சிரும். ஆனா அந்த நேரம் பஸ்ஸ நம்பி வரேலா. லைசென்ஸ எடுங்க புள்ள. ஓகஸ்ட்டுக்குள்ள எண்டா ஒங்களுக்கு எடம் வெச்சிருப்பன்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு முடிந்தால் ஒரு மணிக்கு வீடு. அவர் எழும்புகிறபோது நான் வீட்டில் இருப்பேன், அவர் வேலைக்குப் போகிறவரை இருப்பேன். இரவுச் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்குக் குறுக்கே நின்றது ஒரு லைசென்ஸ்.

பழகுநர் அனுமதி ஏற்கெனவே கையில் இருந்தது. எங்களுடைய அந்த ஒரு மணித்தியாலத்தைக் காருக்குள் கொண்டுபோனோம். கணவனிடம் கார் பழகிய பெண்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். சிவப்பு விளக்கு ஒரு மைல் தொலைவில் தெரிந்தாலே "சிவப்பு, சிவப்பு" என்பார். "எனக்குக் கண் தெரியும்" என்பேன் நான். மலைச்சரிவுத் தெருக்களில் இப்படிச் சண்டை பிடித்தபடி ஏறி இறங்கி, நாலு மணிக்கு மெத்ரோ வாசலில் நான் இறங்கிக்கொள்ள, அவர் வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு மணித்தியாலங்களைப் போல் சந்தோஷமான நேரம் எங்களுக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை. அன்றைக்கு அது தெரியவில்லை, தலையிடியாகத்தான் இருந்தது.

ஜூன் நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை எனக்குச் சோதனை நாள் குறித்தார்கள். மே கடைசியில் ஸ்பிரிங் பெட்டி வந்து சேர்ந்தது.

பெட்டியைத் திறந்து, சிவப்பு நிறம் பூசிய நாலு சுருள்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தி வைத்தார். காரில் இருக்கிற ஸ்பிரிங்கைவிட இவை கட்டையாம். இவற்றைப் போட்டால் கார் நிலத்தோடு ஒட்டி நிற்குமாம். ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே இரண்டு விரல்தான் போகுமாம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அவருக்கு.

"சோதினைக்கு மூண்டு கிழமை கிடக்கு. இப்பத்தானோ உதைச் செய்யோணும்?"

"காரை மாத்தேல்லையப்பா. ஸ்பிரிங்கைத்தானே மாத்திறம்."

"சோதினை முடியட்டுமன்."

"அண்ணைக்கு இந்த ஞாயிறு விட்டால் பேந்து ரெண்டு மாசத்துக்கு நேரமில்லையாம். பனிக்காலத்து ரயரும் இப்பத்தான் கழட்டினது. இதுதான் நேரம்."

அண்ணை என்றது ஆற்றுக்கு அக்கரையில், லவாலில் இருந்த அவருடைய சிநேகிதரை. இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே அறையில் ஒன்றாக இருந்தவர்கள். கிழமை நாட்களில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறில் தன் வீட்டுக் கராஜில் தெரிந்தவர்களுடைய கார்களுக்குக் கீழே கிடப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அங்கே போனோம். அண்ணையின் மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். நான் போகவில்லை. எனக்குச் சோதனை நடக்கப் போகிற காரை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதிரை சும்மா கிடந்தது. நான் ரோச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தினார்கள். நாலு சில்லும் கழன்றன. மொன்றியல் தெருக்களில் பனிக்காலம் முழுக்கக் கொட்டுகிற உப்பு காரின் அடியை எப்படித் தின்றிருந்தது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒவ்வொரு போல்ட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் அடித்து, காத்திருந்து, சுத்தியலால் தட்டி, நீளக் குழாயைப் போல்ட் கழற்றும் சாவியில் மாட்டி இரண்டு பேரும் சேர்ந்து தொங்கி, ஒன்று கழன்றால் அடுத்தது. பழைய ஸ்பிரிங்கை எடுக்க முன்பு, நீளமான கொக்கிகள் இரண்டால் அதைப் பிடித்து இறுக்கிச் சுருக்க வேண்டும்.

"தங்கச்சி, உதில நிக்காதேங்கோ. இந்தப் பக்கம் வாங்கோ," என்றார் அண்ணை. "உது கொக்கியால வழுக்கினால் ஆளை முடிச்சுப்போடும்."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கொக்கி இறுக இறுக, ஸ்பிரிங் கீச்சென்று முனகியது. என் கணவர் மூச்சுவிடவில்லை என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் மனிதர்களைத் தூக்கிப் பழகிய கைகள் அவருடையவை. எதையும் மெதுவாகத்தான் பிடிப்பார். அந்தப் பழைய சுருளைக்கூட, நிலத்தில் போடாமல் இறக்கி வைத்தார். அதைக் கண்டபோது கோபம் கொஞ்சம் இறங்கியதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பின்னேரம் ஐந்து மணி தாண்டியிருக்கும். சில்லுகளைப் பூட்டி, காரைக் கீழே இறக்கினார்கள். என் கணவர் ஓடிப்போய்க் கையை நுழைத்தார். மூன்று விரல் போனது. கொஞ்சம் நெரித்தால் நாலாவதும் போகும் போலிருந்தது. மனுசனுடைய முகம் விழுந்துவிட்டது. நான் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தேன்.

"பொறு மச்சான்," என்றார் அண்ணை கையைத் துடைத்தபடி. "புது ஸ்பிரிங் போட்ட உடனை பதிஞ்சு இருக்காது. ஓட ஓடத்தான் இருக்கும். ரெண்டு கிழமை விடு. பாரத்தைப் போட்டு ஓடு. இருந்தாப் பிறகு கொண்டுபோய்ச் சில்லை நேர் பார்ப்பி, அலைன்மென்ட். இப்ப பார்த்தால், இருந்தாப் பிறகு திரும்பவும் கோணிப்போம்."

இந்த ஆலோசனையில் பிழையே இல்லை. பிழை எல்லாம் அதைக் கேட்ட ஆளிடம்தான்.

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் கார் இடப்பக்கம் இழுத்தது. நேராகப் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். அதன் நடுவில் இருந்த சின்னம் சரிந்த படம் போல நின்றது. "சரிவரும்" என்றார் என் கணவர்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போன பிறகு தமிழ்க் கடைக்குப் போய் நாலு மூட்டை அரிசி வாங்கி வந்திருக்கிறார். நாற்பது இறாத்தல் மூட்டைகள், எல்லாம் குத்தரிசி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருடத்துக்குக் காணும். மூன்றாம் மாடிக்கு ஒன்றுகூட ஏறவில்லை. இரண்டு பின் சீற்றில், இரண்டு பின்பெட்டியில், இடமும் வலமும் சரிசமனாக. அதைப் பற்றி ஃபிரிட்ஜில் கடிதம்: 'அரிசி காரில். எடுக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் ஒரே அளவு எடும்.'

அந்தக் கடிதமும் பிஸ்கட் பேணிக்குள் போனது, ஆனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டது. ஒருநாள் சோற்றுக்கு, கையில் சட்டியோடு மூன்று மாடி இறங்கி, தெருவில் நின்ற காரின் பின்பெட்டியைத் திறந்து, இடது மூட்டையில் ஒரு பேணி, வலது மூட்டையில் ஒரு பேணி அளந்து எடுத்தேன். எதிரே, தெப்பனர் என்கிற சில்லறைக் கடையின் முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பொன்ஜூர்" என்றேன், வேறு என்ன சொல்வது.

அரிசி போதாது என்று ஞாயிற்றுக்கிழமை ஆட்களையும் ஏற்றினார். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களில் நல்ல தேகக்கட்டு உள்ளவர்களாகப் பார்த்து, "வாங்கோ அண்ணை, வீட்டை கொண்டுபோய் விடுறன்" என்பார். அதில் பாதிப் பேருடைய வீடு கோவிலுக்கு அடுத்த தெரு. பாஷையூர்க்காரர் ஒருவர் பின் சீற்றில் அரிசி மூட்டைக்கு மேல் இருந்துகொண்டு, முழங்கால் நாடியில் முட்ட, "தம்பி, இது காரோ, கருவாட்டுப் பெட்டியோ?" என்று கேட்டார். அவரை வேண்டுமென்றே லவால் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார் என் கணவர். ஒவ்வொரு நாளும் காலையில் ஆஸ்பத்திரியால் வரும்போது, வீட்டுக்குள் வர முன்பு காரடியில் குனிந்து விரல் விடுவார். நான் யன்னலால் பார்ப்பேன். "ரெண்டே முக்கால்" என்று சொல்லிக்கொண்டு வருவார். முக்கால் விரல் எந்த விரலில் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதற்குள்தான் நான் கார் பழகினேன். மூன்று மணிக்கு எழும்பி வந்து பக்கத்தில் இருப்பார். நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். முதல் நாட்களில் தோள் நொந்தது. பிறகு நோகவில்லை. பிறகு, பிடிக்கிறேன் என்பதே தெரியவில்லை. சந்தியில் திரும்பினாலும், தரித்து நிற்கும் கார்களைக் கடந்தாலும், கை தானாகப் போய் அந்தச் சரிவில் நின்றது. ஆனால் வாய் மட்டும் நிற்கவில்லை. ஏறியதிலிருந்து இறங்கும்வரை "இழுக்குது, இழுக்குது" என்பேன். அவர் "இருக்கட்டும், இன்னும் இருக்கேல்லை" என்பார்.

சோதனைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. மெத்ரோ வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் சொன்னேன்:

"உங்கட ஸ்பிரிங் இருக்கிறதுக்காக நான் பெயில் விடோணுமோ? எனக்கு நேரான கார் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் ஸ்டியரிங்கின் சரிந்த சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன். அன்றைக்கு வேலையில் முழு நேரமும் அந்தக் கதவுச் சத்தம் காதில் கிடந்தது.

புதன்கிழமை பழகப் போகவில்லை. நான் மூன்று மணிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், அவர் குடித்தார், நல்லாயிருக்கு என்றார், சமாதானம். நான் வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை அவர் வேலையால் வந்து முகம் மட்டும் கழுவிக்கொண்டு புறப்பட்டார். நான் சாரதி ஆசனத்துக்குப் போனேன். அவர் மறித்தார்.

"இண்டைக்கு அங்க போகுமட்டும் நான் ஓடுறன். நீர் கையை ஆறவிடும். செபத்தைச் சொல்லும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மன்னாரில் எந்தச் சோதனைக்குப் போனாலும் செபமாலை சொல்லாமல் நாங்கள் வீட்டுப்படி இறங்கியதில்லை. நான் பக்கத்தில் இருந்து, மாலையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டேன். லைசென்ஸ் கந்தோர் வந்து கார் நிற்கும்வரை திறக்கவேயில்லை. ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்லி முடித்துத்தான் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் பக்தியைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

சோதனை எடுக்க வந்தவர் வயதான பிரெஞ்சுப் பெண்மணி, கையில் தாள் பலகை. சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. இடம் வலம் என்பதற்கான பிரெஞ்சுச் சொற்களைக் கிழமைக் கணக்காகப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதில் ஒரு தடுமாற்றமும் வரவில்லை. கண்ணாடி பார்த்தேன், சிக்னல் போட்டேன், வளவிலிருந்து மெல்ல வெளியே வந்தேன். முதல் திருப்பம் சரி. நிறுத்தற் பலகையில் முழுதாக நின்றேன். ஒருவேளை பாஸ் பண்ணிவிடுவேன் என்று தோன்றியது. பிறகு ஒரு நீளமான தெரு வந்தது. வலப்பக்கம் வரிசையாகக் கார்கள் நின்றன. நான் வேகம் கூட்டினேன். கை தன் வழக்கமான இடத்துக்குப் போனது.

கார் வலப்பக்கம் போனது. நின்ற கார்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கிட்ட வந்தன. கார் இடப்பக்கம்தானே இழுக்கும், அப்படியென்றால் நான்தான் போதுமான அளவு பிடிக்கவில்லை என்று என் மூளை சொல்லிற்றோ என்னவோ, நான் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தேன்.

"அத்தோன்ஸியோன், மதாம்!" என்று கத்திக்கொண்டு அந்த அம்மா எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார்.

ஒன்றும் முட்டவில்லை. ஆனால் சோதனைக்காரர் கை வைத்தால் அதோடு முடிந்தது. திரும்பி வந்து நிறுத்தியதும் தாளில் ஏதோ எழுதி, மெல்லிய குரலில் வருத்தம் தெரிவித்து இறங்கிப் போனார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தேன். அப்போதுதான் கண்டேன், நடுவில் இருந்த சின்னம் நேராக நின்றது.

வளவில் காத்திருந்த என் கணவர் வந்து கதவைத் திறந்தார். சிரித்த முகத்தோடுதான் வந்தார். என் முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றார். நேற்று நான் வேலைக்குப் போன கையோடு அரிசி மூட்டைகளைக் கட்டடத்தின் நிலவறையில் இறக்கிவிட்டு, காரைக் கொண்டுபோய்ச் சில்லு நேர் பார்ப்பித்திருக்கிறார். ஸ்பிரிங் பதிந்து இருந்துவிட்டதாம். இரண்டு விரலாம். பிறகு அரை மணித்தியாலம் தானே ஓடிப் பார்த்தாராம், கையை விட்டாலும் நூல் பிடித்த மாதிரிப் போனதாம்.

"சொல்லியிருக்கலாமே!"

"நீர் ஏறி ஓடேக்கை தானாத் தெரியட்டும், சந்தோசப்படுவீர் எண்டு நினைச்சன்." பிறகு, கொஞ்சம் பொறுத்து, "நீர்தானே நேரான கார் வேணுமெண்டனீர்," என்றார்.

நான் கேட்டதைத்தான் அவர் செய்திருந்தார். கேட்ட அடுத்த நாளே செய்திருந்தார். வேறு ஏதாவது என்றால் ஆசை தீரத் திட்டியிருப்பேன். இதற்கு எப்படித் திட்டுவது? அதனால் கோபம் இரண்டு மடங்காகி உள்ளேயே கிடந்தது. அடுத்த சோதனைக்கு நாள் வாங்கிவிட்டோம், ஜூலை கடைசியில். ஓகஸ்ட்டுக்கு முந்திய ஒரே வாய்ப்பு. அது தவறினால் டோர்வல் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

மூன்று நாள் கதைக்கவில்லை. ஃபிரிட்ஜில் கடிதம் மட்டும். 'கறி கீழே.' 'சரி.' ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவர் தொடங்கினார்.

"பழைய ஸ்பிரிங் அண்ணையின்ர கராஜிலதான் கிடக்கு. திரும்பப் போட்டுவிடுறன்."

அந்தச் சிவப்புச் சுருள்களை மேசையில் வைத்துப் பார்த்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும், நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒண்டும் வேண்டாம்! அதைப் போட்டால் பேந்து அது எந்தப் பக்கம் இழுக்குமோ. நான் பாஸ் பண்ணும் மட்டும் காரில ஒண்டையும் தொடாதேங்கோ. விளங்கிச்சோ? ஒண்டையும்!"

"ஓம்," என்றார்.

நான் அதைச் சொன்ன கையோடு மறந்துவிட்டேன். கோபத்தில் சொல்கிறதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? திரும்பவும் மூன்று மணிக்கு எழும்பினார், திரும்பவும் பக்கத்தில் இருந்தார். இந்த முறை நேரான காரை நேராகப் பிடிக்கப் பழக வேண்டியிருந்தது. கையிலிருந்து அந்தச் சரிவை எடுக்க இரண்டு கிழமை பிடித்தது. அவர் "சிவப்பு, சிவப்பு" என்று சொல்வதையும் குறைத்திருந்தார்.

ஆனால் ஒன்று கவனித்தேன். சனிக்கிழமை தவறாமல் வாளியும் துணியுமாக இறங்கிப் போய்க் காரைக் கழுவுகிற மனுசன் கழுவுவதை விட்டிருந்தார். அந்தக் கோடையில் தெருமரங்களின் பிசின் ஒழுகிக் கூரையில் ஒட்டியது. அதற்குமேல் தூசி, தூசிக்குமேல் பறவை எச்சம், ஒரு மழை வந்து எல்லாவற்றையும் கோடு கோடாக இறக்கிவிட்டது. கோவில் வளவில் கார் நின்றபோது யாரோ பின் கண்ணாடித் தூசியில் 'கழுவு' என்று விரலால் எழுதிவைத்தார்கள். அன்றைக்கு அரிசி மூட்டையில் இருந்து வந்த பாஷையூர்க்காரர், "தம்பி, காரைப் பதிச்சது காணாதெண்டு இப்ப புதைக்கப் போறியோ?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். என் கணவர் சும்மா சிரித்தார். காலையில் விரல் விட்டுப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தார். கார்மேல் இருந்த ஆசையே அவருக்கு விட்டுப்போய்விட்டது, நான்தான் அதைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

ஜூலை கடைசியில் அந்த நாள் வந்தது. இந்த முறை கந்தோர்வரைக்கும் நானே ஓடினேன். செபத்தைக் கண் திறந்தபடியே சொன்னேன். வளவில் நிறுத்தியதும் அவர் இறங்கிச் சுற்றி வந்து, என் பக்க யன்னலில் குனிந்தார். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்த கண்கள்.

"பயப்பிடாதையும்," என்றார். "நான் ஒண்டும் தொடேல்லை. ரயருக்குக் காத்துக்கூட அடிக்கேல்லை. கழுவவும் இல்லை. நீர் சொன்ன நாளையில இருந்து அப்படியேதான் கிடக்கு."

நான் முன் கண்ணாடியைப் பார்த்தேன். வைப்பர் துடைத்த இரண்டு வளைவைத் தவிர மற்ற இடமெல்லாம் ஐந்து கிழமைத் தூசி. இந்த மனுசன், சட்டையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் மாற்றிக்கொண்டு வருகிறவர், கோவில் வளவில் ஊர் சிரிக்கச் சிரிக்க இந்தக் காரோடு வந்து போயிருக்கிறார். தண்ணீர் பட்டால்கூட ஏதாவது மாறி, எனக்குச் சோதனை பிழையாகிவிடுமோ என்று. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சோதனைக்காரர் தாள் பலகையோடு வந்துவிட்டார். இந்த முறை ஒரு இளைஞர். ஏற முன்பு காரைச் சுற்றிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கதவுப்பிடியை இரண்டு விரலால் பிடித்துத் திறந்தார்.

அந்த நீளமான தெருவால்தான் இவரும் என்னை விட்டார். கார் நேராகப் போனது. கைகளும் நேராக இருந்தன. நான் பாஸ் பண்ணினேன்.

உள்ளே கையெழுத்து வைத்து, தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் காரில் சாயாமல், ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் தாளை உயர்த்திக் காட்டினேன். ஓடி வருவார், கையைப் பிடிப்பார், குறைந்தது "பாத்தீரோ" என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னையும் தாளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து, காரின் முன்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார்.